இண்டெக்ஸ் போட்டதால் வேகமா, கேஷில் இருந்ததால் வேகமா? குவெரி டெஸ்டில் ஒரே குழப்பம்

குவெரிக்குட்டி எழுதியது:

வணக்கம் மக்களே. ஆபீசில் ஒரு சின்னச் சண்டை, பஞ்சாயத்துக்கு இங்கே வந்திருக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், லினக்ஸ், 16 ஜிபி ரேம், அதில் ஷேர்டு பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸின் சொந்த கேஷ், படித்த டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) 4 ஜிபி. டெஸ்டுக்கென்று தனியாக எழுப்பிய கிளவுட் சர்வர், வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. பில் வரிகள் உள்ள ஒரு டேபிள், 40 ஜிபி இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் ஒரு வருட வரிகளை எடுத்துத் தொகையைக் கூட்டிக் காட்டும் ரிப்போர்ட் குவெரிதான் பிரச்சினை. வாடிக்கையாளர் எண்ணில் மட்டும் ஏற்கெனவே ஒரு இண்டெக்ஸ் (வரிகளைச் சீக்கிரம் தேடித் தரும் பட்டியல்) உண்டு.

முதலில் ஓட்டியபோது 41 நொடி. வாடிக்கையாளர் எண், தேதி இரண்டையும் சேர்த்து, தொகையையும் இன்க்ளூடில் வைத்து (அதுவும் இண்டெக்ஸிலேயே கூட இருக்கும்படி) ஒரு இண்டெக்ஸ் போட்டேன். உடனே ஓட்டிப் பார்த்தால் 18 மில்லிசெகண்ட்! இரண்டாயிரம் மடங்கு வேகம் என்று டீமில் போட்டுவிட்டேன். எங்கள் சீனியர் அந்த இண்டெக்ஸைத் தூக்கிவிட்டு பழைய குவெரியை அடுத்தடுத்து இரண்டு தரம் ஓட்டினார், இரண்டாவது தரம் 110 மில்லிசெகண்டில் வந்துவிட்டது. "உன் இண்டெக்ஸ் ஆறு மடங்குதான், மிச்சமெல்லாம் கேஷ்" என்கிறார்.

சரி, கேஷைக் காலி செய்துவிட்டு நியாயமாக அளக்கலாம் என்று போஸ்ட்கிரெஸை ரெஸ்டார்ட் செய்தேன். பழைய குவெரி 41 நொடிக்குத் திரும்பவே இல்லை, 360 மில்லிசெகண்டில் நிற்கிறது. ரெஸ்டார்ட் செய்தும் அது எதை ஞாபகம் வைத்திருக்கிறது? எந்த எண்ணை நம்புவது, 41 நொடியா, 360-ஆ, 110-ஆ? கேஷை முழுசாகத் துடைத்துவிட்டு டெஸ்ட் செய்ய சரியான வழி என்ன?

---

நள்ளிரவு_டிபிஏ எழுதியது:

மூன்று எண்ணுமே உண்மைதான். மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை, அவ்வளவுதான்.

போஸ்ட்கிரெஸ் ஒரு பேஜை (டேட்டாவின் 8 கேபி துண்டு) தேடும்போது முதலில் தன் ஷேர்டு பஃபர்ஸில் பார்க்கும். அங்கே இல்லையென்றால் லினக்ஸிடம் கேட்கும். லினக்ஸ் உடனே டிஸ்குக்கு ஓடாது, தான் முன்பே படித்த ஃபைல்களைக் காலியாக இருக்கும் ரேமில் பேஜ் கேஷாக வைத்திருக்கும், அதில் இருந்தால் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். அதிலும் இல்லாவிட்டால்தான் டிஸ்க். நீங்கள் போஸ்ட்கிரெஸை ரெஸ்டார்ட் செய்தபோது ஷேர்டு பஃபர்ஸ் காலியானது, லினக்ஸின் பேஜ் கேஷ் அப்படியே இருந்தது. அதனால் 110 என்பது ஷேர்டு பஃபர்ஸ், 360 என்பது லினக்ஸ் கேஷ், 41 நொடி என்பது நிஜ டிஸ்க். மெய்நிகர் சர்வராக இருந்தால் கீழே ஹோஸ்ட் மெஷினிலோ ஸ்டோரேஜ் பெட்டியிலோ இன்னொரு கேஷும் இருக்கலாம், அதை நீங்கள் துடைக்கவே முடியாது.

குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்னில் அனலைஸோடு பஃபர்ஸையும் சேர்த்துப் போடுங்கள் (போஸ்ட்கிரெஸ் 18-இல் அனலைஸ் போட்டாலே பஃபர்ஸும் வந்துவிடும், 16-இல் நாம்தான் கேட்க வேண்டும்). "ஷேர்டு ஹிட்" என்று ஒரு எண், "ரீட்" என்று ஒரு எண் வரும். பலர் இந்த ரீட்டை டிஸ்க் ரீட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. "என் பஃபரில் இல்லை, வெளியே கேட்டு வாங்கினேன்" என்பதுதான் அதன் பொருள், கொடுத்தது லினக்ஸ் கேஷா டிஸ்கா என்று போஸ்ட்கிரெஸுக்கே தெரியாது. டிராக் ஐஓ டைமிங் என்ற செட்டிங்கை ஆன் செய்தால் படிக்க ஆன நேரமும் தனியாக வரும், அதை ரீட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேஜுக்குச் சில மைக்ரோசெகண்ட் என்றால் ரேமில் இருந்து வந்திருக்கிறது, அரை மில்லிசெகண்ட் பக்கம் போனால் கிளவுட் டிஸ்க்.

முழுசாகத் துடைக்க வேண்டுமென்றால் வரிசை முக்கியம். போஸ்ட்கிரெஸை முதலில் நிறுத்துங்கள். அப்புறம் சிங்க் கமாண்ட், ஏனென்றால் டிஸ்குக்கு இன்னும் எழுதப்படாத பேஜை லினக்ஸ் தூக்கிப்போடாது. அதன் பிறகு ரூட்டாக, ப்ராக் அடியில் சிஸ், விஎம் உள்ளே இருக்கும் டிராப் கேஷஸ் ஃபைலில் 3 என்று எழுதுங்கள். 1 என்றால் பேஜ் கேஷ் மட்டும், 3 என்றால் டைரக்டரி, ஐநோடு விவரங்களும் சேர்ந்து போகும். பிறகு போஸ்ட்கிரெஸைக் கிளப்புங்கள். இதை டெஸ்ட் சர்வரில் மட்டும் செய்யுங்கள். ப்ரொடக்‌ஷனில் செய்தால் அத்தனை பேரின் குவெரியும் ஒரே நேரத்தில் டிஸ்குக்குப் போய் நிற்கும்.

இன்னொன்று. உங்கள் 18 மில்லிசெகண்ட் இருக்கிறதே, அதுவும் சூடான எண்தான். இண்டெக்ஸை அப்போதுதான் கட்டினீர்கள், எழுதிய பேஜெல்லாம் ரேமிலேயே இருந்திருக்கும். பழையதை டிஸ்கில் இருந்தும் புதியதை ரேமில் இருந்தும் ஓட்டி ஒப்பிட்டிருக்கிறீர்கள். சீனியர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு.

---

பஃபர்சாமி எழுதியது:

டிபிஏ அண்ணன் சொன்ன வழி சரி. ஆனால் "கேஷைத் துடைத்துவிட்டு ஓட்டு, அதுதான் நியாயமான டெஸ்ட்" என்கிற எண்ணத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எந்த ப்ரொடக்‌ஷன் சர்வரும் ஒவ்வொரு குவெரிக்கும் முன்னால் ரேமைத் துடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அதற்காக எதிர்ப்பக்கம் இருக்கும் பழக்கத்தையும் நம்ப முடியாது, அதாவது முதல் ரன்னை விட்டுவிட்டு அடுத்த ரன்களின் சராசரியை மட்டும் எடுப்பது. முதல் தோசை கல்லில் ஒட்டும், அதைக் கணக்கில் சேர்க்காதே என்பதுபோல. மாதம் ஒரு முறை இந்த ரிப்போர்ட்டைத் திறக்கும் வாடிக்கையாளருக்குத் தட்டில் விழுவது எப்போதும் அந்த முதல் தோசைதான், அவர் திரும்ப வருவதற்குள் அவருடைய பேஜெல்லாம் ரேமை விட்டுப் போயிருக்கும்.

அதனால் நான் நேரத்தைப் பார்ப்பதற்கு முன் பேஜ் எண்ணிக்கையைப் பார்ப்பேன். ஹிட்டையும் ரீட்டையும் கூட்டினால் அந்த குவெரி மொத்தம் எத்தனை பேஜைத் தொட்டது என்று வரும். கேஷ் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் பிளானும் (குவெரியை ஓட்ட போஸ்ட்கிரெஸ் தேர்ந்தெடுக்கும் வழி) டேட்டாவும் மாறாதவரை அந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய மாறாது, ஹிட்டுக்கும் ரீட்டுக்கும் நடுவே பங்குதான் மாறும். நேரம் அப்படியல்ல, பக்கத்தில் பேக்கப் ஓடினாலே ஆடிப்போய்விடும். குட்டி, உங்கள் இரண்டு பிளானுக்கும் அந்த எண்ணை எடுத்துப் போடுங்கள், சண்டை அதிலேயே பாதி தீர்ந்துவிடும். செஷன் திறந்ததும் ஓட்டும் முதல் எக்ஸ்பிளெய்னில் பிளானிங்குக்கு என்று தனியாகச் சில பஃபர்கள் காட்டும், அது சிஸ்டம் கேட்டலாகை (டேபிள்களின் விவரம் இருக்கும் உள் டேபிள்கள்) படித்ததற்கானது, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

அடுத்தது, ஒரே வாடிக்கையாளர் எண்ணை வைத்து லூப்பில் ஓட்டாதீர்கள். நான் பார்க்கும் டெஸ்ட் ஸ்கிரிப்ட்டுகளில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் இருக்கும், ஐடி 42, நூறு தரம், சராசரி எடு, ரிப்போர்ட்டில் போடு. அதில் நீங்கள் அளப்பது ஐடி 42-இன் சில நூறு எம்பி ரேமில் உட்கார்ந்திருக்கும் நிலையை மட்டுமே. நிஜத்தில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பேஜ், எல்லாம் சேர்ந்தால் 16 ஜிபியில் அடங்காது. போஸ்ட்கிரெஸோடு வரும் டெஸ்ட் கருவியான பிஜிபெஞ்சில் சொந்த ஸ்கிரிப்ட் எழுதி ஐடியை ரேண்டமாக எடுக்கலாம். ஆனால் எல்லா ஐடிக்கும் சம வாய்ப்பு கொடுத்தால் அதுவும் நிஜம் போல இருக்காது, சில பெரிய வாடிக்கையாளர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அதற்காகவே போஸ்ட்கிரெஸ் 11-இல் இருந்து பிஜிபெஞ்சில் ஜிப்ஃபியன் ரேண்டம் இருக்கிறது, சில எண்கள் அடிக்கடி, மற்றவை எப்போதாவது என்று கொடுக்கும். அதில் சராசரியைப் பார்க்காதீர்கள், 95-ஆவது, 99-ஆவது பெர்சன்டைலை (நூறில் 95, 99 குவெரிகள் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். கேஷில் கிடைக்காத குவெரிகளெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும், சராசரி அவற்றை மூடி மறைத்துவிடும்.

டேட்டா அளவும் அப்படித்தான். பிஜிபெஞ்சில் ஸ்கேல் 100 என்றால் 1 கோடி வரி, கேட்கப் பெரிதாக இருக்கும், டிஸ்கில் 1.5 ஜிபி அளவுதான். 16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் அது முழுக்க ரேமுக்குள் போய்விடும், டிஸ்கை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஸ்டேஜிங்கில் பறந்துவிட்டு ப்ரொடக்‌ஷனில் படுத்துவிட்டது என்று வரும் புலம்பல்களில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கொசுறாக ஒன்று. ஒரு செலக்ட் கவுன்ட் ஓட்டினால் டேபிள் முழுக்க ஷேர்டு பஃபர்ஸில் ஏறிவிடும் என்று சிலர் "சூடு பண்ணுவார்கள்". ஏறாது. ஷேர்டு பஃபர்ஸில் கால் பங்கைவிடப் பெரிய டேபிளை முழுசாகப் படிக்கும்போது போஸ்ட்கிரெஸ் (உங்கள் 16-இல்) 256 கேபி அளவுள்ள ஒரு சின்ன வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும், ஒரே ஒரு பெரிய ஸ்கேன் மற்றவர்களின் பேஜையெல்லாம் வெளியே தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. சூடு பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் பிஜி ப்ரீவார்ம் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது.

---

இன்னோடிபிவாசி எழுதியது:

போஸ்ட்கிரெஸ் கூட்டத்தில் மைஎஸ்க்யூஎல் ஆள் ஒருவன் புகுந்ததற்கு மன்னிக்கவும், ஆனால் தேடிக்கொண்டு இந்தத் திரிக்கு வருபவர்களுக்கு உதவும். எங்கள் பக்கம் ரெஸ்டார்ட் வேறு விதமாக ஏமாற்றும். 5.7-இல் இருந்து மைஎஸ்க்யூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபி ஷட்டவுன் ஆகும்போது பஃபர் பூலில் (உங்கள் ஷேர்டு பஃபர்ஸ் போன்றது) இருந்த பேஜ்களில் அண்மையில் பயன்பட்ட 25 சதவீதத்தின் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும், கிளம்பும்போது அதைப் பார்த்து அந்தப் பேஜ்களைத் தானே பின்னணியில் ஏற்றிக்கொள்ளும். இரண்டுமே டீஃபால்ட்டாக ஆன். அதனால் ரெஸ்டார்ட் செய்துவிட்டேன், பூல் காலி என்று நினைத்து ஓட்டினால் அது பாதி சூட்டில் இருக்கும், எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது நீங்கள் எத்தனை நொடி கழித்து ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. டெஸ்டுக்கு முன் ஸ்டார்ட்டப்பில் லோட் செய்யும் அந்த செட்டிங்கை ஆஃப் செய்துவிடுங்கள்.

ஃப்ளஷ் மெத்தட் ஓ டைரக்ட் என்று இருந்தால் இன்னோடிபி டேட்டா ஃபைலுக்கு லினக்ஸ் கேஷைத் தாண்டி நேராக டிஸ்குக்குப் போகும், அந்த நடு அடுக்குக் குழப்பம் இல்லை. அப்புறம், எஸ்க்யூஎல் நோ கேஷ் என்று குவெரியில் எழுதினால் கேஷ் போய்விடும் என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பழைய குவெரி கேஷுக்கானது, விடையையே எடுத்து வைத்துக்கொள்ளுமே, அது. 8.0-இல் அதையே தூக்கிவிட்டார்கள். பஃபர் பூலுக்கும் அந்த வார்த்தைக்கும் அன்றும் சம்பந்தம் இல்லை, இன்றும் இல்லை.

---

செக்பாயின்ட்_செல்லம் எழுதியது:

எஸ்க்யூஎல் சர்வர் ஆட்களுக்கும் ஒரு வரி: முதலில் செக்பாயின்ட், அப்புறம் டிபிசிசி டிராப்க்ளீன்பஃபர்ஸ். பெயரிலேயே க்ளீன் இருக்கிறது பாருங்கள், செக்பாயின்ட் போடாமல் ஓட்டினால் டர்ட்டி பேஜ் (மாறியும் டிஸ்குக்கு இன்னும் எழுதாதது) உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பஃபர்சாமி சொன்ன அதே எண்ணிக்கை எங்களுக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் ஐஓ ஆன் செய்தால் லாஜிக்கல் ரீட்ஸ் என்று வரும். நான் டியூனிங் செய்வது அதை வைத்துத்தான், நேரத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

---

குவெரிக்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி நிறுத்தி, சிங்க் கொடுத்து, துடைத்து, கிளப்பி ஓட்டினேன். வந்தது இது.

பழைய பிளான் தொட்டது சுமார் 62,000 பேஜ். துடைத்துவிட்டு ஓட்டினால் மறுபடியும் 41 நொடி! டிராக் ஐஓ டைமிங் போட்டதில் அதில் 40 நொடி படிப்பதற்கே போயிருக்கிறது, வகுத்தால் ஒரு பேஜுக்கு 0.65 மில்லிசெகண்ட் வருகிறது. புதிய இண்டெக்ஸோடு தொட்டது 450 பேஜ். துடைத்துவிட்டு ஓட்டினால் 0.3 நொடி, சூட்டில் அதே 18 மில்லிசெகண்ட். என் இரண்டாயிரமும் இல்லை, சீனியரின் ஆறும் இல்லை.

ஆனால் புதிதாக இரண்டு குழப்பம். ஒன்று, இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன்தான் (டேபிளைத் தொடாமல் இண்டெக்ஸில் இருந்தே விடை எடுப்பது) வந்தது, ஆனாலும் முதலில் ஹீப் ஃபெட்சஸ் என்று பெரிய எண் காட்டி, பேஜ் எண்ணிக்கையும் பழைய பிளான் அளவுக்கே இருந்தது, நான் வேக்யூம் (செத்த வரிகளைத் துப்புரவாக்கும் கமாண்ட்) ஓட்டிய பிறகுதான் 450-க்கு இறங்கியது. நான் இண்டெக்ஸ் போட்டு 18 பார்த்த அன்று அப்படி இல்லை. இடையில் அந்த டேபிளில் ஒரு பெரிய அப்டேட் ஓட்டியிருந்தோம், அதனாலா? இரண்டு, இந்த சர்வரை ஸ்னாப்ஷாட்டில் (சேமித்துவைத்த டிஸ்க் நகல்) இருந்து எழுப்பிய முதல் நாள் இதே பழைய குவெரி நாலு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. 41 நொடிதான் முழுக்க டிஸ்க் என்றால் அந்த நாலு நிமிடம் எங்கிருந்து வந்தது?

---

நள்ளிரவு_டிபிஏ எழுதியது:

ஆமாம், அந்த அப்டேட்தான். இண்டெக்ஸில் மட்டும் பார்த்து விடை சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பேஜில் உள்ள வரிகளெல்லாம் எல்லோருக்கும் தெரியக்கூடியவை என்று விசிபிலிட்டி மேப்பில் குறித்திருக்க வேண்டும். அப்டேட் அந்தக் குறியை அழிக்கும், வேக்யூம்தான் திரும்ப வைக்கும். குறி இல்லாதவரை ஒவ்வொரு வரிக்கும் டேபிளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும், அதுதான் ஹீப் ஃபெட்சஸ். பெரிதாக டேட்டா ஏற்றினாலோ அப்டேட் செய்தாலோ வேக்யூம் அனலைஸ் ஓட்டாமல் எதையும் அளக்காதீர்கள். வெறும் செலக்ட்டே பேஜ்களை டர்ட்டி ஆக்கியதாக பஃபர்ஸ் வரியில் வரும் விசித்திரத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம், புதிய வரிகளை முதலில் படிப்பவர்தான் அவை கமிட் ஆனவை என்ற ஹின்ட் பிட்டைக் குறித்துவிட்டுப் போக வேண்டும், அந்தச் செலவு முதல் ரன்னின் தலையில் விழும்.

நாலு நிமிடம் உங்கள் கேஷ் விஷயமே இல்லை. அமேசானின் இபிஎஸ் போன்ற கிளவுட் டிஸ்குகளில் ஸ்னாப்ஷாட்டில் இருந்து எழுப்பிய டிஸ்க் உடனே கைக்கு வந்துவிடும், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய பிளாக்குகள் அப்போதே வந்து சேர்ந்திருக்காது. முதல் தரம் தொடும்போதுதான் ஒவ்வொன்றும் எஸ்3 ஸ்டோரேஜில் இருந்து இறங்கும். இரண்டாவது தரத்தில் இருந்துதான் அது வழக்கமான டிஸ்க். அதனால் எழுப்பியதும் டிடி அல்லது எஃப்ஐஓ கருவியை வைத்து டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படிக்கவிட்டு, அப்புறம் டெஸ்டைத் தொடங்குங்கள். நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிட்டுப் போங்கள்.

---

பஃபர்சாமி எழுதியது:

குட்டி, 62,000-ஐ 450-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 138. 41 நொடியை 0.3-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே அக்கம்பக்கம்தான் வரும். டிஸ்கில் இருந்து ஓடும்போது நேரம் பேஜ் எண்ணிக்கையோடுதான் போகும், அதனால்தான் முதலில் அதைக் கேட்டேன். சூட்டில் ஆறு மடங்காகச் சுருங்கியதற்குக் காரணம், இரண்டு பிளானும் அதே வரிகளைத்தான் எடுத்துக் கூட்டுகின்றன, அந்த சிபியு வேலை இரண்டிலும் உண்டு.

இன்னும் ஒரு இடம் கவனியுங்கள். டெஸ்டில் வந்த பிளான்தான் ப்ரொடக்‌ஷனிலும் வருகிறதா என்று பாருங்கள். இந்தக் குவெரிக்கு உங்கள் டேபிளின் எந்தப் பேஜ் இப்போது ரேமில் இருக்கிறது என்பதை பிளானர் பார்ப்பதே இல்லை, எஃபெக்டிவ் கேஷ் சைஸ், ரேண்டம் பேஜ் காஸ்ட் (அங்கங்கே தாவி ஒரு பேஜைப் படிக்கும் செலவு) என்று நாம் கொடுத்த எண்களை வைத்துத்தான் கணக்குப் போடும். ரேண்டம் பேஜ் காஸ்ட்டின் டீஃபால்ட் 4, அது சுழலும் டிஸ்க் காலத்து எண், பெருவாரியான பேஜ் கேஷில் கிடைத்துவிடும் என்ற ஊகமும் அதற்குள்ளேயே இருக்கிறது. டெஸ்ட் சர்வரில் யாராவது 1.1 என்று மாற்றிவைத்து, ப்ரொடக்‌ஷனில் 4 அப்படியே இருந்தால், இங்கே இண்டெக்ஸ் எடுக்கும் குவெரி அங்கே டேபிள் முழுக்க ஸ்கேன் செய்யப் போய்விடலாம்.

---

குவெரிக்குட்டி எழுதியது:

பார்த்தேன், இரண்டிலும் 1.1-தான். ரிப்போர்ட்டில் பேஜ் எண்ணிக்கையை முதலில் போட்டு, அதன் கீழே துடைத்த நேரம், சூடான நேரம் இரண்டையும் போட்டுவிட்டேன். சீனியர் படித்துவிட்டு "சரி, மெர்ஜ் பண்ணு, ஆனா அந்தப் பழைய இண்டெக்ஸ் இனிமே எதுக்கு?" என்கிறார். வாடிக்கையாளர் எண்ணில் மட்டும் இருக்கும் அந்த இண்டெக்ஸை வேறு குவெரி ஏதாவது பயன்படுத்துகிறதா என்று பிஜி ஸ்டாட் யூசர் இண்டெக்ஸஸில் ஐடிஎக்ஸ் ஸ்கேன் எண்ணை (இண்டெக்ஸ் எத்தனை தரம் பயன்பட்டது) வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், போதுமா?

---

நள்ளிரவு_டிபிஏ எழுதியது:

பாருங்கள், ஆனால் டெஸ்ட் சர்வரில் அல்ல, ப்ரொடக்‌ஷனில். ரெப்ளிகா (நகல் சர்வர்) இருந்தால் அதிலும் தனியாகப் பாருங்கள், அந்த எண்ணிக்கை ஒவ்வொரு சர்வருக்கும் தனி. மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடி முடியும் வரை பொறுத்துவிட்டு டிராப் செய்யுங்கள், டேபிளைப் பூட்டாமல் நீக்க கன்கரன்ட்லி போட மறக்க வேண்டாம்.